துணி பசுமைதான்... நெய்தவர் வீட்டு அடுப்பு?

புதுச்சேரி கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுத் தெருக்களில் துணிக்கடைகளுக்குக் குறைச்சலே இல்லை. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, உள்ளே போனால் குளுகுளு ஏ.சி. ஒரு சட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் கழுத்தோரத்தில் குட்டி அட்டை ஒன்று தொங்கும். 'கைத்தறி', 'இயற்கைச் சாயம்', 'சஸ்டெயினபிள்'. விலையைப் பார்த்ததும் நமக்கு லேசாக வியர்க்கும். ஆனாலும், பூமிக்கு நல்லது செய்கிறோம் என்ற நிம்மதியில் பலர் வாங்குகிறார்கள். வாங்கட்டும், தப்பில்லை.

அங்கிருந்து வடக்கே பவுல்வார் சாலையைத் தாண்டினால் முத்தியால்பேட்டை. மணிக்கூண்டும் மார்க்கெட்டும் நெருக்கமான தெருக்களும் உள்ள பகுதி. கிழக்கே கொஞ்சம் நடந்தால் கடல். புதுச்சேரியில் நெசவு என்று பேச்செடுத்தால் பெரியவர்கள் வாயில் முதலில் வரும் பெயர் இதுதான். கைலியும் துண்டும் வேட்டியும் நெய்த பேட்டை. இங்கே தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவர்கள் யாரும் 'சஸ்டெயினபிள்' என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. ஆனால், அந்த அட்டையில் எழுதியிருக்கும் அத்தனையும் அவர்கள் தொழிலில் தானாகவே இருந்தது. கைத்தறிக்கு மின்சாரம் வேண்டாம், புகைபோக்கி வேண்டாம், தனிக் கட்டடம்கூட வேண்டாம், வீட்டின் முன்கட்டே போதும். மிஞ்சிய நூல்கூட வீணாவதில்லை.

இத்தனை பசுமையான தொழிலை நெசவாளரின் பிள்ளைகள் ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள்? அட்டையில் பதில் இல்லாத கேள்வி இது. நிறுவனங்கள் தண்ணீரைக் கணக்கிடுகின்றன, கரியமில வாயுவைக் கணக்கிடுகின்றன. தறியில் உட்காரும் மனிதர் இன்னும் பத்து வருடம் அங்கே உட்காருவாரா என்று கணக்கிடுவது அபூர்வம்.

நீலத்துணிக்குப் பின்னால்

புதுச்சேரித் துணிக்கு ஒரு காலத்தில் உலகச் சந்தையே இருந்தது. 'கினே' என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த நீலத்துணி இந்த வட்டாரத்திலிருந்து கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் நதிக்கரை வரை போனது. அவுரிச் சாயத்தில் திரும்பத் திரும்ப முக்கியெடுத்த அடர்நீலம். அங்கே அது உடுக்கும் துணி மட்டுமல்ல, பணமும்கூட. பாலைவன ஓரத்து வணிகர்கள் இந்தத் துணியை வாங்கிக்கொண்டு, கருவேல இனத்து மரமொன்றின் பிசினைக் கொடுத்தார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே துணியில் அச்சடிக்கிற சாயத்தைக் கெட்டியாக்கப் பயன்பட்டது. நம்மூர்த் துணியைக் கொடுத்து வாங்கிய பிசின், வேறொரு ஊர்த் துணிக்கு வண்ணம் கொடுத்திருக்கிறது!

தரத்தில் கை வைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று தெரிந்து, 1843-ல் பிரான்ஸ் அரசு இந்தத் துணியின் நீளம், அகலம், எடைக்கெல்லாம் ஆணை பிறப்பித்தது. ஐரோப்பிய ஆலைகள் இதே மாதிரி துணி நெய்து அனுப்பிப் பார்த்தன. நிறத்தையும் வாசனையையும் வைத்தே எது புதுச்சேரித் துணி என்று கண்டுபிடித்த வாடிக்கையாளர்கள் அவ்வளவு எளிதில் ஏமாறவில்லை. துணிக்கு இத்தனை காவல் இருந்தது. நெய்தவர் கூலிக்கு அப்படியொரு காவல் இருந்ததாகச் சரித்திரம் சொல்லவில்லை.

பாரதியார் புதுச்சேரியில் இருந்த 1908 முதல் 1918 வரையிலான பத்து ஆண்டுகளில் அவருக்கு நெருக்கமாக இருந்தவர்களில் ஒருவர் முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமி செட்டியார். குட்டையாக, கட்டுமஸ்தாக இருந்ததால் 'வெல்லச்சு' என்று செல்லப்பெயர். 'குயில் பாட்டு' பிறந்ததாகச் சொல்லப்படும் தோப்பு இவருடையதுதான். அவர் தொழிலும் நெசவுதான்.

அவுரியை வைத்து நீலம் போடும் கலை இந்தப் பக்கம் இன்னும் முழுதாக அழியவில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் இன்றைக்கும் அவுரி பயிராகிறது. ஆரோவில்லில் பழைய முறைப்படி நீலத்தொட்டி வைத்து நூலுக்கும் துணிக்கும் சாயம் போடுகிறார்கள். நொதிக்க வைத்த நீலத்தொட்டி கிட்டத்தட்ட வீட்டுத் தயிர் மாதிரி. உயிருள்ள கிருமி உள்ளே வேலை செய்கிறது. சுண்ணாம்பு அளவு, வெல்லம் அளவு, அன்றைய வெயில் எல்லாம் பார்த்துத் தினமும் கவனிக்க வேண்டும். முகர்ந்து பார்த்தே தொட்டியின் உடம்பு எப்படியிருக்கிறது என்று சொல்லிவிடும் ஆட்கள் உண்டு. அந்த மூக்கை எந்தப் பயிற்சி வகுப்பிலும் ஒரு வாரத்தில் உருவாக்க முடியாது.

ஒரு தறிக்கு எத்தனை கைகள்?

'ஒரு நெசவாளர் ஒரு கைலி நெய்தார்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

சங்கத்திலிருந்தோ முதலாளியிடமிருந்தோ சிட்டா நூல் வருகிறது. அதற்குச் சாயம் போட வேண்டும், காய வைக்க வேண்டும். பிறகு பாவு ஓட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான இழைகளை ஒன்றுக்கொன்று சிக்காமல் நீளவாக்கில் அடுக்குகிற வேலை இது. தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டு ஆற்றுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். நாலைந்து பேர் இல்லாமல் நடக்காது. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பது இன்னொரு வேலை. இதற்கிடையே நாடாவுக்குள் வைக்கிற தார் சுற்ற வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் நெசவாளர் மிதியில் கால் வைக்கிறார்.

கூலி எதற்கு? நெய்து முடித்த உருப்படிக்கு. பாவு ஓட்டத் துணை நின்ற மனைவிக்கோ, பள்ளிக்கூடம் விட்டு வந்து தார் சுற்றிய பிள்ளைக்கோ, கண் மங்கிய வயதிலும் இழை பிணைத்துக் கொடுத்த பாட்டிக்கோ தனிக் கூலி கிடையாது. ஒரு வீடே சேர்ந்து உழைக்கிறது, ஒரு பெயரில் கூலி வருகிறது. மழைக்காலத்தில் அதுவும் இல்லை. குழித்தறிக்குள் தண்ணீர் ஊறும், நூல் ஈரம் குடித்து அறுந்துகொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரிக் கடலோரத்தில் எப்படி மழை பெய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மத்திய அரசு 2019-20-ல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நெசவும் அதைச் சார்ந்த வேலைகளும் செய்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கில் இது 43 லட்சம். நெசவாளர்களில் 70 சதவிகிதத்துக்கும் மேல் பெண்கள். மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களுக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. இந்தத் தொழிலுக்கு எத்தனை பசுமைச் சான்றிதழ் கொடுத்தாலும் இந்தக் கடைசி எண் மாறாதவரை, எந்த அப்பாவும் மகனைத் தறியில் உட்காரச் சொல்ல மாட்டார். சொல்லவும் கூடாது என்பது என் கட்சி.

சட்டப் பாதுகாப்பு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1985-ல் வந்த சட்டம், சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கியது. முதலில் 22 ரகங்கள் இருந்தன, பிறகு அவை 11 ஆகச் சுருங்கின. குறிப்பிட்ட அம்சங்கள் கொண்ட சேலை, வேட்டி, துண்டு, கைலி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் விசைத்தறியில் சட்டென்று ஓட்டி, 'கைத்தறி' என்று ஒட்டி விற்கிற துணியும் அதே பஜாரில்தான் கிடைக்கிறது. விசைத்தறிக்காரரைக் குறை சொல்லி ஆவது ஒன்றுமில்லை. அவரும் கடனில்தான் ஓட்டுகிறார்.

எட்டு மணி நேரத்துக்கு விலை பன்னிரண்டு உயிர்

புதுச்சேரியில் நெசவின் இன்னொரு முகம் ஆலைகள். ரோடியர் மில் என்று மக்கள் சொன்ன ஏ.எஃப்.டி., சவானா மில் என்று சொன்ன சுதேசி, இவற்றோடு பாரதி மில். அந்தக் காலத்தில் பத்து மணி நேரத்துக்கும் மேல் வேலை, சொற்பக் கூலி. 1936 ஜூலை 30-ம் தேதி, சவானா மில்லில் போராடிய தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல்துறை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். வ.சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் சத்தம் பாரிஸ் வரை போனது. அங்கே அப்போது மக்கள் முன்னணி அரசு இருந்தது. 1937-ல் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் இந்த ஊருக்குச் சட்டப்படி கிடைத்தன. இன்றைக்கும் ஜூலை 30 புதுச்சேரியில் தியாகிகள் தினம்.

நீடித்த தொழில் பற்றிய கட்டுரையில் இந்தப் பழைய கதை எதற்கு? இன்று பெரிய நிறுவனங்கள் வழவழப்புத் தாளில் அச்சடித்து வெளியிடும் 'பொறுப்பு அறிக்கை'களில், வேலை நேரம், கூலி, பாதுகாப்பு என்று ஒரு பக்கம் ஒதுக்குகிறார்களே, அந்தப் பக்கத்தை எழுதியது முதலாளிகளின் மனசாட்சி மட்டுமல்ல என்பதற்காகத்தான்.

அந்த ஆலைகளும் நிலைக்கவில்லை. நஷ்டம், பழைய இயந்திரங்கள், பல ஆண்டுகள் 'லே-ஆஃப்' என்று வீட்டில் உட்கார வைக்கப்பட்ட தொழிலாளர்கள் என்று இழுத்துக்கொண்டிருந்த ஏ.எஃப்.டி., 2020 ஏப்ரல் 30-ம் தேதியோடு மூடப்பட்டது. கொரோனா ஊரடங்கு நேரம். வழியனுப்பு விழாகூட நடத்த முடியாத நாள்கள்.

ஆற்றைக் காப்பாற்றியபோது

சுற்றுச்சூழலை மட்டும் பார்த்து மனிதரை மறந்தால் என்ன ஆகும், மனிதருக்கு வேலை தருகிறோம் என்று சொல்லிச் சுற்றுச்சூழலை மறந்தால் என்ன ஆகும்? இரண்டுக்கும் திருப்பூரே சாட்சி.

பனியன் ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்த காலத்தில் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவைத் தேக்கி வைக்கும் தொட்டியாகிவிட்டது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல் உப்பானது. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் விசித்திரம் நடந்தது. விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலைக்கு வராத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன.

உத்தரவு நியாயமானது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அன்று பட்டறையில் சாயம் கலக்கிக்கொண்டிருந்தவர், மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், அறையெடுத்துத் தங்கியிருந்த வெளியூர்க்காரர் இவர்களெல்லாம் மறுநாள் காலை என்ன செய்வார்கள் என்பதற்கு யாரிடமும் திட்டம் இல்லை. சாயம் போட வேண்டிய துணி வேறு ஊர்களுக்கு லாரி ஏறியது. பிறகு சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்பட்டன, திருப்பூர் எழுந்து நின்றது. தண்ணீரைச் சுத்தப்படுத்தி மறுபடி மறுபடி பயன்படுத்துவதில் இன்று நாட்டுக்கே அந்த ஊரை உதாரணம் காட்டுகிறார்கள். இடைப்பட்ட காலத்தின் செலவைச் சுமந்தவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை.

கட்டைவிரல் அளவு பொம்மை

சரி, மனிதரிலிருந்து தொடங்கிய தொழில் எதுவுமே இல்லையா? இருக்கிறது. முத்தியால்பேட்டைக் கடற்கரையிலிருந்து வடக்கே போனால் வரிசையாக மீனவர் கிராமங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அங்கே படகையும் வலையையும் மட்டுமா கொண்டுபோனது? நிம்மதியையும்தான். கடலைப் பார்த்தாலே நடுங்கிய பெண்கள் இருந்தார்கள். நிவாரணப் பொருள் வந்து குவிந்தது. கையில் வேலை இல்லை.

ஆரோவில்லில் 'உபாசனா' என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனத்தை நடத்திவந்தவர் உமா பிரஜாபதி. அவரும் குழுவினரும் அந்தப் பெண்களுக்கு ஒரு வேலை யோசித்தார்கள். தையல் கூடத்தில் வீணாகிக் கிடந்த வண்ணத் துணித் துண்டுகளை வைத்துக் கட்டைவிரல் அளவில் ஒரு பொம்மை. பெயர் 'சுனாமிகா'. ஆறுதல் தருவதற்காகத் தொடங்கிய பயிற்சி, நூற்றுக்கணக்கான பெண்களுக்குக் கூலி தரும் வேலையானது.

இதில் எனக்குப் பிடித்த அம்சம் வேறு. சுனாமிகா விற்பனைக்கு இல்லை. பொம்மையை அன்பளிப்பாகத்தான் கொடுப்பார்கள். விரும்பியவர்கள் நன்கொடை தரலாம், அந்தப் பணம் மறுபடி பொம்மை செய்யும் பெண்களுக்குக் கூலியாகப் போகும். எந்த எம்.பி.ஏ. வகுப்பிலும் இப்படி ஒரு திட்டத்தை எழுதிக் காட்டினால் வாத்தியார் சிரிப்பார். ஆனால் லட்சக்கணக்கில் பொம்மைகள் உலகமெங்கும் போயின. துணிக் கழிவு குறைந்தது என்பது இந்தக் கதையில் இரண்டாவது வரிதான். முதல் வரி, ராத்திரி தூக்கம் வராத ஒரு பெண்ணின் கைக்கு ஊசி நூல் கிடைத்தது.

இதைப் பார்த்து எல்லோரும் பொம்மை செய்ய முடியாது. நன்கொடையை நம்பி ஒரு பேட்டையே பிழைக்க முடியாது என்பதும் உண்மை. தினசரி வியாபாரத்தில் இதைச் செய்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டம் சென்னிமலையில், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்த சிவகுருநாதன் 'நூற்பு' என்ற பெயரில் கைத்தறித் துணி நெய்யவைத்து நேரடியாக விற்கிறார். சென்னையைச் சேர்ந்த 'துலா', மானாவாரி இயற்கைப் பருத்தி விவசாயியில் தொடங்கி, நூற்பவர், சாயமிடுபவர், நெய்பவர், தைப்பவர் வரை ஒவ்வொருவருக்கும் நியாயமான பங்கு போக வேண்டும் என்று கணக்குப் போட்டு விலை வைக்கிறது. கோ-ஆப்டெக்ஸ் பட்டுச்சேலைகளோடு நெசவாளரின் படமும் பெயரும் உள்ள அட்டையை வைத்தது. சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு சேலையை விரித்துப் பார்க்கும்போது, நம்மைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு முகம் அதிலிருந்தால், பேரம் பேச வாய் கொஞ்சம் தயங்கும்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிக்கல் உண்டு. நியாயமான கூலி கொடுத்தால் விலை ஏறும். விலை ஏறினால் வாங்குகிறவர் குறைவார். அதனால் இந்தத் துணி கடைசியில் வசதி படைத்தவர்களின் அலமாரிக்கே போய்ச் சேருகிறது. நெய்தவர் வீட்டில் பாலியஸ்டர் காய்கிறது. இதற்கு விடை என்னிடம் இல்லை, அவர்களிடமும் முழுதாக இல்லை. கூட்டுறவுச் சங்கங்கள்தான் ஒரு காலத்தில் இந்த இடைவெளியை நிரப்பின. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் கைலியும் போர்வையும் விற்று, நெசவாளருக்கு வருடம் முழுக்க நூலும் வேலையும் கொடுப்பது அவற்றின் வேலை. புதுச்சேரியில் பாண்டெக்ஸ், தமிழகத்தில் கோ-ஆப்டெக்ஸ் எல்லாம் அதற்காகப் பிறந்தவை.

தீபாவளிக்குக் கிடைக்கும் தள்ளுபடியை நாமெல்லாம் சந்தோஷமாக அனுபவிக்கிறோம். அந்த ரிபேட் தொகையை அரசு பிறகு சங்கத்துக்குத் திருப்பித் தர வேண்டும். அது தாமதமாகும்போது சங்கத்தில் பணம் இருக்காது. பணம் இல்லையென்றால் நூல் வாங்க முடியாது, நூல் இல்லையென்றால் தறி நிற்கும். நம் பில்லில் கழிந்த தொகை, சில சமயம் யாரோ ஒருவர் வீட்டில் ஒரு மாதச் சமையலாக இருக்கும்.

கடைக்குப் போனால்

கைத்தறி என்று சொல்லிக் கொடுத்தால் துணியின் இரண்டு ஓரங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெய்யும்போது துணி சுருங்காமல் அகலமாக இழுத்துப் பிடிக்க, முனையில் ஊசிகள் உள்ள கோல் ஒன்றைக் குறுக்கே பொருத்துவார்கள். அதன் தடமாகக் கரையோரத்தில் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். இது மட்டுமே சான்று ஆகாது. 2006 முதல் வழங்கப்படும் 'கைத்தறி முத்திரை' லேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இருந்தால், கடைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள். 'இது எந்த ஊர்ச் சங்கத்துத் துணி? கூலி கடைசியாக எப்போது கொடுத்தார்கள்?'

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் உடனே பதில் வரும். இரண்டாவதை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் கொஞ்சம் யோசிப்பார். பரவாயில்லை, காத்திருங்கள்.